இறந்தகாலப் பிரிவு

“லிஃப்ட் நின்னுச்சுன்னு எழுதினா, இப்ப ஓடுதுன்னு ஆயிடும் சார்.”

“எப்படி ஆகும்? நின்னுச்சுன்னு எழுதினா நின்னுச்சுன்னுதான் ஆகும்.”

“நின்னுச்சு சார். ஆனா இன்னும் நிக்குது. உள்ள ஆள் இருக்கு.”

அதிகாரி சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார். “இருக்குன்னு சொல்லாதீங்க. இந்த அறையில அந்தச் சொல்ல நாங்க புழங்குறதில்ல. இது இறந்தகாலப் பிரிவு.”

மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவன் அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட்காரன். கையில் ஒரு தாள். அதில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி, அதைச் சுற்றி மூன்று சிவப்பு வட்டங்கள்.

கட்டடம் ஆங்கிலத் தகுதி வாரியத்துக்குச் சொந்தமானது. எல்லா அலுவலகங்களிலும் எல்லா ஊழியர்களும் அன்றாட ஆங்கில மரபுத்தொடர்களையும் இறந்தகால வினைகளையும் அறிந்திருக்கிறார்களா என்று பார்ப்பது வாரியத்தின் வேலை. ஏன் இந்த இரண்டு மட்டும் என்று கேட்கக் கூடாது. வாரியம் தொடங்கியபோது பாடத்திட்டக் குழு இந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனதாகவும், இன்னும் திரும்பவில்லை என்றும் ஒரு பேச்சு உண்டு.

ஐந்தாம் மாடியில் மூன்று காலங்களுக்கும் மூன்று அறைகள். எதிர்காலப் பிரிவின் கதவில் ‘அதிகாரி நாளை வருவார்’ என்ற அட்டை தொங்கியது. அட்டையின் ஓரங்கள் பழுத்துச் சுருண்டிருந்தன. நிகழ்காலப் பிரிவில் பதினொரு வருடமாகப் பணியிடம் காலி. ஆகவே வாரியத்தில் எது நடந்தாலும் இறந்தகாலப் பிரிவுக்குத்தான் வர வேண்டும். வருவதற்குள் அது நடந்து முடிந்திருக்கவும் வேண்டும்.

லிஃப்ட் காலை பதினொன்று பத்துக்கு நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றது. உள்ளே இருந்தது லிஃப்ட்காரனின் அக்கா. பழைய விடைத்தாள்களை வண்டியில் அடுக்கி மாடிக்கு மாடி தள்ளிக்கொண்டு போவது அவள் வேலை. அவளுக்கு இளைப்பு உண்டு.

மற்ற நாளாக இருந்தால் பத்து நிமிட வேலை. மேலே மெஷின் ரூமைத் திறந்து மின்சாரத்தை நிறுத்த வேண்டும்; பிரேக்கைக் கையால் விடுவித்து, சக்கரத்தைச் சுற்றி, லிஃப்டை மாடிக்கு நேராகக் கொண்டுவர வேண்டும்; பிறகு முக்கோணச் சாவியால் கதவைத் திறக்க வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வான். ஆனால் போன திங்கட்கிழமை ஒரு சுற்றறிக்கை வந்தது: தகுதித் தேர்வில் தேறாதவர்கள் வாரியத்தின் சாவிகளை வைத்திருக்கக் கூடாது. லிஃப்ட்காரன் மூன்று முறை தவறியவன். மெஷின் ரூம் சாவியும் முக்கோணச் சாவியும் ஒரே வளையத்தில் கோக்கப்பட்டு, அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்புப் பீரோவுக்குள் போயின. சம்பவ அறிக்கை சரியாக எழுதிக் கொடுத்தால் சாவி ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும்.

போதாக்குறைக்கு அன்று தேர்வு நாள். கைப்பேசிகளையெல்லாம் வாங்கி ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, வாசலைப் பூட்டியிருந்தார்கள். மாலை ஐந்துக்குத்தான் திறப்பார்கள். தீயணைப்புப் படையைக் கூப்பிடலாமே என்று அவன் முதலிலேயே கேட்டுவிட்டான். கூப்பிடலாம், அதற்குச் சம்பவ அறிக்கையின் எண் வேண்டும் என்றார்கள்.

“மூணு மாசம் முன்னாடியே எழுதிக் குடுத்தேன் சார், லிஃப்டோட ரிலே சுவிட்ச் தேயுதுன்னு.”

“பார்த்தேன். ‘தேயுது’ன்னு எழுதியிருந்தீங்க. காலப் பிழைன்னு திருப்பி அனுப்பினோம். தேய்ஞ்சப்புறம் எழுதியிருக்கலாம்.”

அவன் தாளை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். லிஃப்ட் கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. தரையில் குப்புறப் படுத்து, கதவடியில் வாயை வைத்தான். சுண்டுவிரல்கூட நுழையாத இடைவெளி.

“அக்கா.”

“இங்கதான் இருக்கேன். வேற எங்க போகப் போறேன்?” குரல் கீழிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

“மூச்சு?”

“விசிறி நின்னுபோச்சுடா. சின்ன விளக்கு மட்டும் எரியுது. இந்த விடைத்தாள் தூசிதான் தொண்டைய அறுக்குது. ‘கோ’வுக்கு இறந்தகாலம் ‘கோடு’ன்னு எழுதினவன் தாள் மேலயே இருக்கு. உன் கையெழுத்து மாதிரி இருக்கு.”

“மருந்து எத்தன காட்டுது?”

அவள் வைத்திருந்த இழுப்பு மருந்தின் முதுகில் ஒரு சின்னக் கட்டத்தில் எண் தெரியும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒன்று குறையும்.

“ஒன்பது. காலைல பதினொன்னு இருந்துச்சு. நீ என்னடா பண்ணிட்டு இருக்க இவ்வளவு நேரமா?”

“எழுதிட்டு இருக்கேன்.”

“என்னது, கவிதையா?”

அவன் விஷயத்தைச் சொன்னான். கீழே சிரிப்புப் போல ஒன்று கிளம்பி இருமலாக முடிந்தது. “இறந்தகாலத்துல எழுதணுமா? அப்ப அதுக்கு நானும் கொஞ்சம் ஒத்துழைக்கணும்போல.”

“வாயக் கழுவு.”

“தண்ணி இல்லடா இங்க.”

அக்கா முதல் முறையிலேயே தேறியவள். இருபது வருடம் விடைத்தாள் தள்ளியதில், தள்ளும்போதே படித்துப் படித்து, அதிகாரிகளுக்கே தெரியாத வினைகள் அவளுக்குத் தெரியும். தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது தம்பியைக் கேட்பாள். ‘ஈட்’டுக்கு என்னடா? ‘ஈட்டடு’. தட்டை இங்க குடு, தெரிஞ்சப்புறம் சாப்பிடு.

திடீரென்று அவனுக்கு ஒன்று உறைத்தது. எழுந்து அதிகாரியிடம் ஓடினான்.

“சார், எங்க அக்கா தேறினவங்க. சாவிய அவங்க பேர்ல குடுங்க.”

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. “முதல் வகுப்பு! தாராளமா குடுக்கலாம். நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கச் சொல்லுங்க.”

லிஃப்ட்காரன் அவரையே பார்த்தான். அவர் கேலி செய்யவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி கூடப் போட்டு வைத்தார்.

இரண்டாவது அறிக்கையில் அவன் ‘த லிஃப்ட் ஹங்’ என்று எழுதினான். லிஃப்ட் தொங்கியது. ‘ஹேங்’ என்பதற்கு ‘ஹங்’ என்று அவனுக்கே நினைவு வந்ததில் ஒரு கணம் பெருமைகூடத் தோன்றியது.

அதிகாரி பேனாவை எடுத்தார். “பொருள் தொங்கினா ஹங். ஆள் தொங்கினா ஹேங்டு. உள்ள ஆள் இருந்தாங்களா?”

“இருக்காங்க… இருந்தாங்க.”

“அப்ப ஹேங்டு.”

“சார், அது தூக்குல போடுறதுக்குச் சொல்றது.”

“பரவாயில்லையே, தெரிஞ்சு வெச்சிருக்கீங்க.” அவர் ‘ஹங்’கை அடித்துவிட்டு மேலே ‘ஹேங்டு’ என்று எழுதினார். எழுதியதைப் படித்தார். நெற்றி சுருங்கியது. “தூக்குன்னா உத்தரவு எண் வேணுமே. யார் போட்ட உத்தரவு?”

“யாரும் போடல சார்!”

“உத்தரவு இல்லாம எப்படித் தூக்குல போட்டீங்க?”

வெளியே எங்கோ, இரும்பில் பிளாஸ்டிக் தட்டும் சத்தம் கேட்டது. டக், டக். ஓடினான்.

“பேசினா இழுக்குது,” என்றாள் அக்கா. சொற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருந்தது. “இனிமே தட்டுறேன். தட்டினா இருக்கேன்னு அர்த்தம்.”

“எத்தன?”

“ஆறு.”

கடப்பாரையால் கதவை நெம்பிவிடலாமா என்று அவன் எண்ணாமல் இல்லை. வேறொரு கட்டடத்தில் ஒருவன் அப்படி நெம்பினதைப் பார்த்திருக்கிறான். மாடிக்கு நேராக வராத லிஃப்டிலிருந்து வெளியே குதித்த ஆள், கீழே திறந்திருந்த பொந்துக்குள் வழுக்கி அடித்தளம் வரை போனான். சக்கரத்தைச் சுற்றாமல் கதவைத் தொடக் கூடாது. சக்கரம் இரும்புக் கதவுக்குப் பின்னால். இரும்புக் கதவின் சாவி பீரோவில். பீரோ இறந்தகாலத்தில்.

அப்போதுதான் மரபுத்தொடர் பிரிவின் மேடம் அந்தப் பக்கம் வந்தார். தரையில் ஒரு ஆள் குப்புறப் படுத்திருப்பதைப் பார்த்து, பக்கத்தில் மெதுவாகக் குனிந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண்கள் கலங்கின. நல்ல மனசு.

“உங்க அறிக்கையில மரபுத்தொடர் இருக்கா?”

“மேடம்?”

“அறிக்கைக்கு ஒண்ணாவது வேணும். இல்லன்னா அது வெறும் தகவல்தானே?” பிறகு கதவருகே வாயைக் கொண்டுபோய், உள்ளே இருந்தவளுக்குத் தைரியம் வரும்படி உரக்கக் கூவினார்: “ஹேங் இன் தேர்!”

கீழிருந்து அக்கா கேட்டாள்: “யாருடா அது? என்ன சொல்றாங்க?”

“மேடம். அங்கயே தொங்கிட்டு இருன்னு சொல்றாங்க.”

“நான் வேற என்ன பண்ணிட்டு இருக்கேனாம்?”

“அது மனசத் தளரவிடாதேன்னு அர்த்தம்,” என்றார் மேடம், கொஞ்சம் புண்பட்டு. “நேரடியா எடுத்துக்கக் கூடாது. மரபுத்தொடர நேரடியா எடுத்துக்கிறவங்கதான் இந்த நாட்டோட பெரிய பிரச்சனை.”

மேடம் தந்த பட்டியலிலிருந்து அவன் ஒன்றைப் பிடித்தான்: ‘ஒன்ஸ் இன் எ புளூ மூன்’. அபூர்வமாக என்று அர்த்தம். லிஃப்ட் அபூர்வமாகத்தான் நிற்கும், அது உண்மை. எழுதினான். மேடம் மகிழ்ந்து முத்திரை குத்தினார். அதிகாரி படித்துவிட்டுத் தாளை வேறொரு தட்டில் போட்டார்.

“எங்க போடுறீங்க சார்?”

“அபூர்வச் சம்பவங்கள் ஆண்டறிக்கைக்குப் போகும். வருஷக் கடைசியில எடுப்போம்.”

அவன் அந்தத் தட்டிலிருந்து தாளைப் பிடுங்கினான். பிடுங்கியதில் ஓரம் கிழிந்தது. கிழிந்த தாளில் அறிக்கை ஏற்கப்படாது என்று அதிகாரி பொறுமையாகச் சொல்லி, புதுத் தாள் ஒன்றை எடுத்து, நேராக வைத்து, ஓரத்தில் கோடு போட்டுக் கொடுத்தார்.

மணி பன்னிரண்டரை. அவன் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மறுபடி லிஃப்ட் கதவடியில் படுத்தான்.

“அக்கா. எத்தன?”

மூன்று தட்டு.

“எனக்கு வரலக்கா. இப்ப நடக்குறத முடிஞ்ச மாதிரி எழுதச் சொல்றான். முடிஞ்ச மாதிரி எழுதினா, அப்ப முடிஞ்சுபோச்சேங்குறான்.”

கீழே மருந்தை இழுக்கும் சீறல். அதன்பின் குரல், ஒவ்வொரு சொல்லாக, சுமந்து வந்து இறக்குவதுபோல.

“மாறாத வினைடா. ஷட். புட். கட். லெட். நேத்தும் அதான். இன்னைக்கும் அதான். அவன் பாத்தா இறந்தகாலம். நீ பாத்தா…”

“நிகழ்காலம்!”

“கத்தாத. ஒருமைல எழுதாத. வினைல எஸ் வந்து காட்டிக் குடுத்துடும். கதவு ரெண்டு பலகைதானே… கதவுகள்னு போடு.”

அவன் தரையில் படுத்தபடியே எழுதினான். அவன் வாழ்க்கையில் எழுதிய எதையும் அவ்வளவு கவனமாக எழுதியதில்லை. மூன்றே வாக்கியம்.

‘த டோர்ஸ் ஷட். யூ புட் த கீஸ் இன் த பீரோ. லெட் ஹெர் அவுட்.’

கதவுகள் மூடின, கதவுகள் மூடுகின்றன. சாவிகளை நீங்கள் பீரோவில் வைத்தீர்கள்; வைக்கிறீர்கள். அவளை வெளியே விடுங்கள். பீரோவுக்கு ஆங்கிலச் சொல் தெரியாததால் அதை அப்படியே விட்டான்.

அதிகாரி முதல் வாக்கியத்துக்கு ஒரு சரி போட்டார். இரண்டாவதுக்கு ஒரு சரி. மூன்றாவதில் பேனா அந்தரத்தில் நின்றது.

“லெட்,” என்றார்.

“லெட்டுக்கு லெட்தான் சார். முக்காலமும்.”

“தெரியும்.” அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இது வேண்டுகோள்னா நிகழ்காலம். என்னால தொட முடியாது. இறந்தகாலம்னா…” அவர் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி பரவியது. “வெளியே விட்டாச்சு! அற்புதம். எழுவாய் இல்ல, ஆனா அது அடக்கம். செஞ்சவங்க பேர சொல்லிக்கல.”

“இல்ல சார், அது…”

“மரபுத்தொடர் எங்க?” என்று, பின்னாலேயே வந்திருந்த மேடத்தைக் கேட்டார்.

மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “லெட்… அவுட். ‘லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்’ இருக்கு பாருங்க, பைக்குள்ளேர்ந்து பூனைய வெளிய விடுறது, அந்தக் குடும்பந்தான் இது. பூனைக்குப் பதிலா அக்காவ வெச்சிருக்கார். புதுமை. ஏத்துக்கலாம்.”

முத்திரை விழுந்தது: சம்பவம் முடிவுற்றது. அதே வேகத்தில் இன்னொரு முத்திரை. இறந்தகாலத்தில் பிழையில்லாத அறிக்கை எழுதியவர் தேர்வு எழுதியவராகவே கருதப்படுவார் என்று விதி இருந்தது. லிஃப்ட்காரன் தேறிவிட்டான்.

“அப்ப சாவி?”

“இனி உங்களுக்கு முழு உரிமை இருக்கு,” என்றார் அதிகாரி. எழுந்து, பீரோவைத் திறந்து, சாவி வளையத்தை எடுத்தார். லிஃப்ட்காரன் கையை நீட்டினான். அதிகாரி அதை ஒரு சின்ன வெல்வெட் துணி விரித்த தட்டில் வைத்தார். “இயக்குநர் கையால குடுக்கணும். தேறினவங்களுக்கு அவர்தான் குடுப்பார். எட்டாவது மாடியிலேர்ந்து வரணும்.”

அவரை அழைக்க ஆள் போனது. டக், டக் என்று வெளியே கேட்டது. பிறகு நெடுநேரம் கழித்து ஒரு டக்.

இயக்குநர் படியில் இறங்கி வந்தார். அவருக்கு மூட்டு வலி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று வந்தார். கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கக் கேட்டார்:

“லிஃப்ட் ஏன் வரல?”

“லிஃப்ட் நின்றது சார்,” என்றார் அதிகாரி. “சம்பவம் முடிஞ்சது.”

“நல்லது. எப்ப முடிஞ்சது?”

“பதினஞ்சு நிமிஷம் ஆச்சு சார்.”

இயக்குநர் திருப்தியோடு தலையாட்டினார். லிஃப்ட் கதவுக்கு முன்னால்தான் இடம் அகலமாக இருந்தது. அங்கேயே தட்டோடு நின்றார்கள். நிகழ்ச்சியைப் படம் பிடிக்கக் கைப்பேசி இல்லையே என்று மேடம் வருந்தினார். இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

“நண்பர்களே. முப்பது வருஷமா நான் ஒரு அலுவலகத்த நடத்துறேன். என்ன கத்துக்கிட்டேன்? ஒரு அலுவலகத்துல எதுவும் நடக்கக் கூடாது. எல்லாம் நடந்திருக்கணும். நடந்துகிட்டு இருக்குற விஷயம் ரொம்ப ஆபத்து. யார் என்ன பண்றதுன்னு கேள்வி வரும். நடந்து முடிஞ்சதுக்கு வருத்தம் தெரிவிச்சா போதும். வருத்தம் தெரிவிக்கிறதுல நம்ம வாரியம் யாருக்கும் சளைச்சதில்ல.”

அதிகாரி கைதட்டினார். கைதட்டலுக்கு நடுவே ஒரு டக் கேட்டதா என்று லிஃப்ட்காரனுக்குச் சந்தேகமாக இருந்தது.

“சார்,” என்றான்.

“ஒரு நிமிஷம். இந்த நிகழ்காலப் பிரிவ ஏன் நிரப்பலன்னு கேக்குறாங்க. நிரப்பினா என்ன ஆகும்? ஆளுக்கு ஆள் வந்து, இப்ப இது நடக்குது, இப்ப அது நடக்குதுன்னு சொல்வாங்க. ஒரு நாள்கூட நிம்மதியா உட்கார முடியாது.”

“சார், சத்தம் போடாதீங்க சார், ஒரு நிமிஷம்.”

மூவரும் அவனைப் பார்த்தார்கள். இயக்குநரிடம் இதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. அவன் அவர்களைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, கதவின் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றான். மாடி முழுக்க அமைதி. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து எதுவும் கேட்கவில்லை.

“கிவ் மீ த கீ, சார்,” என்றான் அவன், தட்டைப் பார்த்துத் திரும்பி.

இயக்குநர் சாவி வளையத்தைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார். அவன் விரல்களுக்கு ஒரு சாண் தூரத்தில் அது தொங்கியது. ஆனால் அதிகாரி லேசாக இருமினார். இயக்குநரின் கை அப்படியே நின்றது.

“கிவ்,” என்றார் அதிகாரி வருத்தத்தோடு. “தேறி அரைமணி ஆகல. கிவ்னு நிகழ்காலத்துல சொல்றீங்களே.”

“பதற்றத்துல சொல்றார்,” என்றார் மேடம். “மறுபடி கேக்கட்டும்.”

“கேளுங்க தம்பி,” என்றார் இயக்குநர் அன்பாக. “தகுதி பெற்றவர் மாதிரி கேளுங்க.”

லிஃப்ட்காரன் கதவைப் பார்த்தான். சாவியைப் பார்த்தான். தினமும் ராத்திரி தட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அக்கா கேட்கும் அத்தனை வினைகளும் தொண்டையில் வந்து முட்டின. ‘கிவ்’வுக்கு என்னடா? சொல்லு, சொன்னாத்தான் சாப்பாடு.

வெறும் கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான்.

“யூ கேவ் மீ த கீ, சார்.”